அறுபத்து மூன்று திருத்தங்கள்

ஜெபசிங் என்பவர் எழுதிய ‘மழைக்கு அஞ்சியவர்கள்’ என்னும் நூலை என் தங்கை மாதேஸ்வரி வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அறிந்த நாளில், அவளுடைய கழுத்து இனி மேலும் இறுகாது என்று நான் நம்பத் தொடங்கினேன். நூலுக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் விதைமழை தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. சிறு விமானங்கள் மேகத்தினுள் வெள்ளி கலந்த உப்பைத் தூவும். மேகம் கனத்துப் பொழியும். வறண்டு கிடந்த ஏரிகள் நிறைந்தன. வீடுதோறும் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே ஒரு பேச்சு எழுந்தது. தூவப்படும் உப்பு மனிதரின் நினைவை அரிக்கிறது என்றும், அதற்காகவே தூவுகிறார்கள் என்றும் சிலர் கூறினர். அவர்களை ஊரார் மழைமறுப்பார் என்றனர். அவர்கள் தம்மை நினைவுக்காரர் என்று அழைத்துக்கொண்டனர். மழையில் நனையமாட்டார்கள். குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஆயிரம் அடிக்கும் கீழே, விதைமழை விழுவதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்ட நீரையே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்துக் குடித்தார்கள். அதற்குப் பழந்தண்ணீர் என்று பெயர். எங்கள் மண்ணின் ஆழத்து நீரில் புளோரைடு மிகுதி. அது பல்லைக் கறையாக்கும், எலும்பைக் கட்டையாக்கும்.

மாதேஸ்வரி பதினோராண்டாகப் பழந்தண்ணீர் குடிக்கிறாள். உறவினர் திருமணம் ஒன்றில் நான் அவளைப் பின்னாலிருந்து அழைத்தபோது, அவள் தலையைத் திருப்பவில்லை. உடல் முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அவள் அறிவிலி அல்லள். அஞ்சலகத்தில் இருபத்தாறு ஆண்டு பணிபுரிந்தவள். விதைமழை தொடங்கிய இரண்டாம் ஆண்டில் அவள் கணவர் காளியப்பனுக்கு மறதி வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் சாவி வைத்த இடத்தை மறந்தார். பிறகு சாவி எதற்கு என்பதை மறந்தார். இறுதியில் இவள் பெயரை மறந்தார். மருத்துவர் அந்நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். ஏன் வந்தது என்று மட்டும் சொல்ல இயலவில்லை. நினைவுக்காரர் சொன்னார்கள். அவள் அவர்களிடம் சென்றாள்.

அந்நாளில் அவள் ஒரு துண்டறிக்கை எழுதி, “பாத்துச் சொல்லுண்ணா” என்று எனக்கு அனுப்பினாள். நான் முப்பத்து நான்கு ஆண்டு வரலாறு கற்பித்தவன். அதில் பதினான்கு தவறான செய்திகள் இருந்தன. சிவப்பு மையால் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, ஓரத்தில் சரியானதை எழுதி அனுப்பிவிட்டேன். அது அவள் கையில் கிடைத்தது காளியப்பன் இறந்த மூன்றாம் நாள். இரண்டு ஆண்டுகள் அவள் என்னுடன் பேசவில்லை. மீண்டும் பேசத் தொடங்கியபோது, இனி இவளை எதிலும் திருத்துவதில்லை என்று எனக்குள் உறுதி செய்துகொண்டேன். அவ்வுறுதியை இன்றுவரை காத்து வந்திருக்கிறேன் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆவணியில் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏண்ணா, ஜெபசிங்குனு ஒருத்தரு எங்களப் பத்தி எழுதியிருக்காரே, பாத்தியா?”

“கேள்விப்பட்டேன். படிக்கல.”

“நான் நாலு அத்தியாயம் முடிச்சிட்டேன். மூணு வருசம் எங்காளுங்ககூட சுத்தியிருக்காரு. ஒரு எடத்துலகூட எங்களப் பைத்தியம்னு சொல்லல. ஆனா நாங்க சொல்றது சரின்னும் சொல்லல. இப்பிடி ஒருத்தர நான் பாத்ததில்ல.”

“வேகமாப் படிக்கலாமே.”

“தெனம் அஞ்சு பக்கந்தான். சாயங்காலம் படிச்சதப் பாத்தெழுதணும், காத்தால அத எடுத்து ஒத்துப் பாக்கணும். எங்க பழக்கம் உனக்குத் தெரியாதா?”

தெரியும். நினைவுக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அன்று படித்ததையும் கேட்டதையும் தம் கையால் எழுதி வைப்பர். மறுநாள் மூலத்தோடு ஒப்பிடுவர். எழுதியது எழுதியபடி இருந்தால், மறதி இன்னும் தம்மைத் தீண்டவில்லை என்று மனம் ஆறுவர்.

“முழுசாப் படிச்சிட்டு உனக்கு ஒரு பதில் சொல்றேண்ணா,” என்றாள். “ஏரித்தண்ணிக் கொழாயப் பதினோரு வருசமா மூடி வெச்சிருக்கனில்ல. தொறக்கறதா, வேண்டாமான்னு.”

அன்றே நான் அந்நூலை என் மின்பலகையில் எடுத்தேன்.

பலகையைப் பற்றி இன்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனினும் இக்கதைக்கு ஒரு செய்தி இன்றியமையாதது. அச்சுநூல்கள் வழக்கொழிந்து போயின. எல்லா நூலும் பொதுக் களஞ்சியத்தில் ஒரே ஒரு படியாக இருக்கிறது. நம் பலகைகள் அந்தப் படியையே காட்டுகின்றன. ஒரு நூலில் தவறு இருப்பின், திருத்துநர் என்று பதிவு பெற்ற ஒருவர் அதனைச் சுட்டலாம். களஞ்சியத்தின் பொறி சான்று பார்த்து ஏற்றுக்கொண்டால், அந்நொடியே உலகில் உள்ள பலகைகள் அனைத்திலும் அவ்வரி மாறிவிடும். இதனை உடன்திருத்தம் என்பர். பிழையோடு ஒரு நூல் நூறாண்டு வாழ்ந்த காலத்தை அறிந்த எனக்கு இது பெரும் பேறாகத் தோன்றிற்று. பணி ஓய்வு பெற்ற மறுமாதமே திருத்துநராகப் பதிந்துகொண்டேன்.

ஜெபசிங்கின் நூல் என்னை இரு வகையில் வருத்திற்று. அதில் இருந்த உண்மை வருத்திற்று. நினைவுக்காரருள் மூவரில் இருவர், வீட்டில் ஒருவரை மறதி நோய்க்குப் பறிகொடுத்தவர் என்று அவர் வீடு வீடாகச் சென்று கண்டறிந்திருந்தார். அவர்கள் பொய்யை விரும்பிச் சேரவில்லை. தம் இழப்பை யாரிடம் சென்று முறையிடுவது என்று தெரியாமல் சேர்ந்தனர் என்று எழுதியிருந்தார். மேலும், மழைத்துறை ஓர் ஆய்வறிக்கையை மறைத்ததை வெளிக்கொணர்ந்திருந்தார். ஏரிகளில் வெள்ளியின் அளவு சில மாதங்கள் வரம்பு கடந்திருந்ததாம். அதனால் நினைவுக்குக் கேடில்லை, ஆயினும் மறைத்தார்கள். ஒரு முறை மறைத்தவரை மறுமுறை எப்படி நம்புவது என்னும் கேள்விக்கு அந்நூல் மழுப்பாமல் விடை தேடிற்று. கூடப்பிறந்த நான் பதினோராண்டாகக் கேட்காத கேள்வி அது.

பிழைகளும் வருத்தின. ஜெபசிங் கடலோரத்துக்காரர். ஒகேனக்கல்லில் தென்பெண்ணை பாய்கிறது என்று எழுதியிருந்தார். தீர்த்தமலையைப் பென்னாகரத்துக்கு அருகில் வைத்திருந்தார். மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பத்திரண்டு வயதான ஒருவர், ஐந்தாம் அத்தியாயத்தில் அதே ஆண்டில் நாற்பத்தேழு ஆகியிருந்தார். முதல் விமானம் பறந்த நாள் தவறு. எழுபது பேர் கூடிய கூட்டத்தை எழுநூறு என்றிருந்தார். அறிக்கை மறைக்கப்பட்டது ஏழு மாதம் என்றிருந்தார்; கணக்கிட்டால் ஐந்து மாதம் பதினோரு நாள்தான்.

எனக்கு அச்சம் பிடித்தது. மாதேஸ்வரி கூர்மையானவள். ஓர் ஆற்றின் பெயர் தவறென்று கண்டாலே, “இந்தாளு இங்க வந்தே இருக்கமாட்டான்” என்று நூலை மூடிவிடுவாளே. அவள் பலகையில் ஐந்தாம் அத்தியாயம் நடக்கிறது. அவள் எட்டுவதற்குள் மீதி அத்தியாயங்களையாவது பழுதறச் செய்துவிட வேண்டும். எட்டு நாள் உட்கார்ந்தேன். களஞ்சியத்தின் படிவத்தில் பிழை, திருத்தம், சான்று என மூன்றே கட்டங்கள். சிறு பிழைக்கும் பெரும் பிழைக்கும் ஒரே அளவு கட்டம். அறுபத்து மூன்று நிரப்பினேன். அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிவப்பு மையோடு வந்துவிட்டேன் என்று எண்ணுவாளே என்பதுதான் காரணம்.

மாவட்ட நூலகத்தின் திருத்தப் பிரிவில் நஸ்ரின் என்ற பெண் அலுவலர். படிவங்களை அனுப்பிய இரண்டாம் நாள் அவள் அழைத்தாள்.

“தீர்த்தகிரி சார், ஒரே புத்தகத்துக்கு அறுபத்து மூணா? நான் சேந்ததுலருந்து இப்பிடி ஒண்ணு பாத்ததில்ல.”

“ஏற்றுக்கொண்டார்களா, அம்மா?”

“அறுபத்து மூணும் ஏத்தாச்சு. நேத்து மூணு மணிக்கே எல்லாப் பலகையிலயும் போயிருச்சு. எழுதுனவரு பாவம், போன் பண்ணிப் பொலம்புனாரு. தப்புன்னு ஒத்துக்கறேன், ஆனா என்னோட குரலே போயிருச்சேன்னாரு.”

“குரலா?”

“பொறி அந்த எண்ணை மட்டும் மாத்தாது சார். நீங்க குடுத்த சான்று எப்பிடிச் சொல்லுதோ, வாக்கியத்தயும் அப்பிடியே சீர்பண்ணிரும்.”

நான் பலகையைத் திறந்து பார்த்தேன். ‘அறிக்கையை ஏழு மாதம் மறைத்தார்கள்’ என்று ஜெபசிங் எழுதியிருந்த வரி, ‘அறிக்கை வெளியிடப்படுவதில் ஐந்து மாதம் பதினோரு நாள் காலதாமதம் ஏற்பட்டது’ என்று நின்றது. சான்றாக நான் கொடுத்தது மழைத்துறையின் கோப்பு. கோப்பு தன் மொழியில் பேசிவிட்டது. எண் இப்போது சரி, உண்மை போய்விட்டது. ஆயினும் இது ஒரு வரிதானே என்று இருந்துவிட்டேன்.

“மாறிய வரி இன்னது என்று வாசிப்பவருக்கு அடையாளம் ஏதும் இருக்குமா?” என்று மட்டும் கேட்டேன்.

“முன்னல்லாம் மஞ்சளா காட்டும். வாசிக்க இடைஞ்சலா இருக்குன்னு திருத்துநர் சங்கமே மனுக் குடுத்து எடுக்கச் சொன்னாங்களே. நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீங்க.”

போட்டிருந்தேன். முதல் பத்துக் கையெழுத்துகளுள் என்னுடையதும் ஒன்று.

அடுத்த வாரம் மாதேஸ்வரி அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“அண்ணா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“இல்ல, சொல்லு.”

“எனக்கு மறதி வந்திருச்சு போல இருக்குதுண்ணா.”

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

“நேத்து எதுக்கோ பழைய பக்கத்தத் திருப்புனேன். நோட்டுல ‘எழுநூறு பேர்’னு எழுதியிருக்கறேன். பலகையில எழுபது. எழுநூறுன்னு படிச்சது எனக்கு நல்லா நெனப்பு இருக்குது. அப்பறம் ஒவ்வொண்ணாப் பாத்தேன். ‘மறைத்தார்கள்’னு எழுதியிருக்கறேன், அங்க காலதாமதம்னு இருக்குது. காத்தால ஒத்துப் பாக்கறப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துது. இல்ல, சரியா இருந்துதுன்னு நான் நெனச்சுக்கிட்டனா? அவருக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல எண்ணுதான் மாறுச்சு.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் மாற்றினேன் என்ற இரண்டே சொற்கள். சிவப்பு மையும், இரண்டாண்டு மௌனமும், இன்னும் முடிக்காத அவள் வாசிப்பும் என் முன் வந்து நின்றன. நான் சொன்னது இது:

“பாத்தெழுதறப்பத் தப்பாயிருக்கும்மா. வயசாகுதில்ல. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“எல்லாருக்கும் வர்றதுதான்,” என்று அவள் திரும்பச் சொன்னாள். பிறகு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நூலகம் சென்றேன். அறுபத்து மூன்றையும் திரும்பப் பெற்று, பழைய வரிகளை மீட்டுத்தர வேண்டும் என்று நஸ்ரினிடம் கேட்டேன். அவள் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வருவித்தாள்.

“சார், நீங்க குடுத்த திருத்தம் தப்பா?”

“இல்லை. அனைத்தும் சரி.”

“அப்பறம் எப்பிடித் திரும்ப எடுக்கறது? தப்பைச் சரியாக்கப் படிவம் இருக்குது. சரியத் தப்பாக்கறதுக்குப் படிவம் இல்ல.”

“பழைய படி எங்கேனும் இருக்குமே?”

“பிழை உள்ள படிய எதுக்கு வெச்சிருப்பாங்க? அழிச்சிருவாங்க. நீங்கதானே சார் போன வருசம் கூட்டத்துல, பிழைக்கு இடம் ஒதுக்கறது வீண்னு பேசுனீங்க. நான் அப்ப கைதட்டுனேன்.”

அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது.

எனக்கு எஞ்சியிருந்தது ஒன்றே. படிவத்தில் ஏற்றுமுன் ஒவ்வொரு பிழையையும் தாளில் எழுதிக்கொள்வது என் வழக்கம். ஒரு பள்ளிக்கூட நோட்டில், இடப்புறம் ஜெபசிங்கின் வரி, வலப்புறம் என் திருத்தம், ஒன்று முதல் அறுபத்து மூன்று வரை. அழிந்துபோன அவ்வரிகள் என் கையெழுத்தில் இருந்தன. ஐந்து நாள் தயங்கிய பின் அதனை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு அப்பாலுள்ள அவளுடைய ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அவள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆறு பெண்கள் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். ஒருத்தி வாசிக்க, மற்றவர் எழுதினர். மாதேஸ்வரி எழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“வாண்ணா. எனக்கு மறதி இல்லண்ணா,” என்றாள் எடுத்த எடுப்பில். “எங்க சங்கத்துல இந்தப் புத்தகத்த ஏழு பேரு படிச்சிருக்கறோம். ஏழு நோட்டும் ஒண்ணா இருக்குது. எனக்கு முந்தியே முடிச்சவங்க நோட்டப் பாத்து மிச்ச அத்தியாயத்தயும் எழுதிட்டேன். பலகை மட்டுந்தான் வேற. ராவோட ராவா மாத்தியிருக்கறாங்க.”

“மத்தியானம் மூணு மணிக்கு,” என்றேன்.

அவள் உடலைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பின்கட்டுக்கு அழைத்துச் சென்றாள். நான் நோட்டைக் கொடுத்தேன். அவள் தன் நோட்டை எடுத்து வந்து, என் இடப்புற வரிகளோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். அஞ்சலகத்தில் முகவரி சரிபார்த்த விரல். அவளிடம் இருந்தவற்றுள் ஒரு வரியும் பிசகவில்லை. முடிக்க அரைமணி ஆயிற்று.

“இத உன்னப் பண்ணச் சொன்னது யாரு?”

“யாரும் இல்ல. நானேதான்.”

“எதுக்கு?”

“நீ படிக்கற புத்தகத்துல தப்பு இருக்கக் கூடாதுன்னு. தப்பப் பாத்தா மூடி வெச்சிருவியோன்னு.”

அவள் சிரித்தாள். “ஒகேனக்கல்ல தென்பெண்ணை ஓடுதுன்னு எழுதியிருந்தாரே, அதுக்கா? அன்னிக்கே பாத்துட்டுச் சிரிச்சேன். ‘வெளியூருக்காரரு, ஆறு தெரியல, ஆளத் தெரிஞ்சிருக்குது’ன்னு ஓரத்துல எழுதி வெச்சிருக்கறேன் பாரு.” காட்டினாள். எழுதியிருந்தாள். “தப்போடயே நான் அந்தாள நம்புனேண்ணா.”

இரு நோட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

“அவங்க மாத்தறாங்க, அவங்க மறைக்கறாங்கன்னு இத்தன வருசமாச் சொல்லிட்டுத் திரியறோம்,” என்றாள். “அவங்க யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருச்சு. எங்கூடப் பொறந்தவன்.”

என் நோட்டின் முதல் பக்கத்தை மீண்டும் திறந்தாள்.

“அன்னிக்குப் போன்ல சொன்னியே, நான் தப்பாப் பாத்தெழுதியிருப்பேன்னு. அப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மூணு நாளுண்ணா. அவரு பேரு, மாமியா பேரு, நான் வேல பாத்த ஊரு, பின்கோடு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப எழுதிப் பாத்தேன். மூணாம் நாளு எங்க சங்கத்துக்காரங்க வந்து நோட்டக் காட்டுலன்னா நான் என்ன ஆயிருப்பேனோ.”

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களால் கேட்டேன் என்பது நினைவில்லை. அவள் அதற்கு விடை சொல்லாமல், மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

“இந்தா. ஒம்போதாம் அத்தியாயத்துல, உங்க கெணத்த நீங்களே அளந்து பாருங்கன்னு எழுதியிருக்காரு. எங்காளு ஒருத்தரு கருவி வெச்சு அளந்தாரு. புளோரைடு ஆறு புள்ளி ரெண்டு.”

அவள் தன் கிணற்றை அளந்திருக்கிறாள். பதினோராண்டாக நான் ஏங்கியும் நடவாதது அந்நூலால் நடந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிற்று.

“மாதேஸ்வரி, அப்பக் கொழாயத் தொறந்திரலாமே.”

“எதுக்கு? ஆறுதானே. பதினஞ்சு வரைக்கும் ஒண்ணும் ஆவாது.”

அவள் தன் நோட்டைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினாள். ‘லிட்டருக்குப் பதினைந்து மில்லிகிராம் வரை தீங்கில்லை.’ ஜெபசிங்கின் வரி. என் நோட்டில் அது நாற்பத்தேழாவது. வலப்புறத்தில் ‘ஒன்றரை மில்லிகிராம்’ என்று எழுதியிருந்தேன். அறுபத்து மூன்றனுள் ஓர் உயிரைத் தொட்ட பிழை அது ஒன்றுதான். அதனையும், தீர்த்தமலை இருக்கும் திசையையும், ஒரே அளவு கட்டத்தில், ஒரே நாளில் நிரப்பியிருந்தேன்.

“இது தப்பும்மா. மத்ததெல்லாம் விடு. இது ஒண்ண மட்டும் கேளு. ஒண்ணரைதான். ஒண்ணரைக்கு மேல போனா எலும்பு இறுகும். உன் கழுத்தப் பாரு.”

“கழுத்து அஞ்சலகத்துல குனிஞ்சு குனிஞ்சு வந்தது. ஒண்ணரைன்னு யாரு சொல்றாங்க?”

“உலகமே சொல்லுது.”

“அந்த உலகம் எதுல எழுதியிருக்குது? பலகையிலதானே?”

பாடநூல், மருத்துவ நூல், அரசின் அட்டவணை யாவும் அந்த ஒரே களஞ்சியத்தில் இருந்தன. அங்கு வரிகள் பிற்பகல் மூன்று மணிக்கு மாறும் என்பதை அவளுக்கு மெய்ப்பித்துக் காட்டியவன் நான்.

“எனக்கு நினைவிருக்குது, மாதேஸ்வரி. எங்க பள்ளிக்கூடத்துச் சுவத்துல அட்டை மாட்டியிருந்தோம். ஒண்ணரைன்னு.”

“நீ பதினஞ்சு வருசமா விதமழத் தண்ணி குடிக்கறவன்,” என்றாள். பகையாகச் சொல்லவில்லை, நோயாளியிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

வெளியே வாசித்துக்கொண்டிருந்த பெண் எங்கள் பேச்சைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “அக்கா, அண்ணன் நோட்டக் கொஞ்சம் குடுப்பீங்களா? எட்டாம் அத்தியாயத்துல எங்களுக்கு ரெண்டு வரி வுட்டுப்போச்சு. அதுல இருக்கற பழைய வரிய எடுத்துக்கறோம்.”

என் நோட்டு கூடத்துக்குச் சென்றது. ஒன்பது ஊர்களுக்கு ஒன்பது படிகள் எழுதுகிறார்களாம். அழிக்கப்பட்ட நூல் ஆதலின், எழுத்துக்கு எழுத்து மூலத்தின்படியே எழுத வேண்டும் என்று முடிவாம். தம்மை மறுத்து எழுதப்பட்ட நூலை அவர்கள் இனி ஓர் எழுத்தும் ஐயுறாமல் போற்றுவார்கள். கிணறுகளை அளப்பார்கள். ஐந்தும் ஏழும் பத்தும் வரும். பதினைந்துக்குக் கீழ் என்று நிம்மதியாகக் குடிப்பார்கள்.

“ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லண்ணா?” என்றாள் மாதேஸ்வரி. “போன் போட்டு, ‘ஏ புள்ள, ஒம்போதாம் அத்தியாயத்துல ஒரு எண்ணு தப்பா இருக்குது, பாத்துக்க’ன்னு. நானே எங்கையால அடிச்சிட்டு ஒண்ணரைன்னு எழுதியிருப்பேன்.”

“சொன்னா நீ கோவிச்சுக்குவியோன்னு…”

“கோவிச்சிருப்பேன். ரெண்டு நாளு.”

“இப்ப எழுதேன். உன் கையாலயே.”

அவள் பேனாவை எடுத்தாள். அந்த வரியின் மேல் முனையை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவள் மனம் எனக்காக முயன்றது என்பதை நான் அறிவேன். பிறகு பேனாவை மூடினாள்.

“எழுதலாம். எழுதுனா அறுபத்து நாலாவது ஆவும்.”

அதன்பின் அவள் எழுந்து அடுப்பங்கரைக்குச் சென்றாள். குனிய இயலாததால், குடத்தை மேடைமேல் வைத்திருந்தாள். தண்ணீர் மொண்டு காப்பி வைத்தாள். அவள் வீட்டில் பதினோராண்டாக நான் எதையும் பருகியதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதேனும் காரணம் சொல்லித் தப்பிவிடுவேன். அன்று அவள் எதிரே வந்து டம்ளரை நீட்டியபோது, வாங்கிக்கொண்டேன்.

அவள் நின்றபடி நான் குடிப்பதையே பார்த்தாள்.

“காப்பி நல்லாயிருக்குதும்மா,” என்றேன்.

அன்று நான் சொன்னவற்றுள் இதை மட்டும் அவள் சான்று கேளாமல் நம்பினாள். உள்ளே சென்று இன்னும் அரை டம்ளர் கொண்டுவந்து ஊற்றினாள்.